மேற்குப் பக்கத்து வேர்கள்

இந்தப் பட்டினத்தில் எந்த மரம் எங்கே நின்றது என்று யாராவது எழுத நினைத்தால் என்னிடம்தான் வரவேண்டும். நட்டவன் என்பதால் அல்ல, விழுத்தினவன் என்பதால். கல்லடிப் பாலம் கட்டி முடிந்த கையோடு நான் தெருவேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக வேலைக்குச் சேர்ந்தேன். பாலம் வந்ததும் மோட்டார் வண்டி வந்தது. அதன் பின்னால் தண்டவாளத்தில் கோச்சி வந்தது. தெருவை அகலமாக்கு என்றார்கள், ஆக்கினேன். கோட்டைப் பக்கத்து ஆலமரம், கடைத்தெருவின் பூவரசுகள், வாவிக்கரை மருதுகள் எல்லாம் என் கையால் போனவை. ஒரு மருது சாயும்போது வடம் அறுந்து, மரம் அறுக்கிற வாள்காரர் ஒருவரின் தாடையை இடம் பெயர்த்துவிட்டது. அவரை மாட்டுவண்டியில் ஆசுபத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, பின்னேரத்துக்குள் மரத்தைத் துண்டுபோட்டு முடித்தேன். தெருவில் வடிந்திருந்த அவருடைய இரத்தத்தின்மேல் மரத்தூளை அள்ளிப் போடச் சொன்னதும் நான்தான்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். வேலையாட்களைக் கைநீட்டி அடித்திருக்கிறேன். மரம் என்றால் தெருவுக்கு இடைஞ்சல், அவ்வளவுதான். என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை கந்தோர் மேசையில் இருந்துகொண்டு வரைபடத்தில் ஒரு கோடு கிழிப்பார். அந்தக் கோட்டில் எது நின்றாலும் மறுநாள் அது இல்லாமல் செய்வேன். இதில் எனக்குப் பெருமையும் இருந்தது, மறைக்கவில்லை.

விழுத்தாமல் விட்ட மரம் ஒன்று உண்டு. பட்டினத்துக்கே புளியந்தீவு என்று பேர் இருந்தும் நான் வேலைக்கு வந்தபோது தீவுக்குள் சொல்லிக்கொள்ளும்படி ஒரு புளியமரம் இல்லை. நான் சொல்லுகிற புளி பாலத்துக்கு அப்பால், வீடுகள் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில், கண்ணகி அம்மன் கோயில் வெளியின் ஓரமாகத் தெருவை ஒட்டி நின்றது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். அதில் கைவைக்க யாரும் விடமாட்டார்கள், ஏனென்றால் அது கொம்பு கட்டுகிற மரம்.

மழை பொய்த்தாலும் அம்மை பரவினாலும் எங்கள் பக்கத்தில் அம்மனுக்குக் கொம்பு முறிப்பார்கள். அதற்காக ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். தென்சேரி அம்மன் பக்கம், வடசேரி அம்மனுடைய புருஷன் பக்கம். யார் எந்தச் சேரி என்பது தகப்பன் வழியாக வரும். அதனால் ஒரே வீட்டுக்குள் புருஷன் ஒரு சேரியும் பெண்சாதி மறு சேரியுமாக இருப்பது சாதாரணம். நான் தென்சேரி, என் மனைவி வடசேரி. காட்டுக்குப் போய் வைரம் பாய்ந்த மரத்தில் வளைந்த கொம்பாகப் பார்த்துச் சேரிக்கு ஒன்று வெட்டி வருவார்கள். இரண்டையும் கொக்கி மாதிரி ஒன்றோடொன்று மாட்டி, ஒன்றை நிற்கிற மரத்தின் அடியில் கட்டுவார்கள். மற்றதைக் குழிக்குள் இறக்கிய தென்னங்குற்றியில் கட்டி, அந்தக் குற்றிக்கு வடம் போட்டு இரண்டு சேரியும் சேர்ந்து இழுக்கும். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. தோற்றவர்களை வென்றவர்கள் ஏசுகிற ஏச்சை இங்கே எழுத முடியாது. கோபிக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் மண்டை உடையாமல் முடிந்த கொம்புமுறி ஒன்றை நான் பார்த்ததில்லை.

தெருவோரமாக மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்ட உத்தரவு வந்தபோது துரையின் கோடு புளியின் அடியை உரசிக்கொண்டு போயிற்று. ஊரார் மகஜர் எழுதிக்கொண்டு அரசாங்கக் கச்சேரிக்குப் போனார்கள். மரத்துக்கு ஒரு பங்கமும் வராது என்று துரை அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார். திரும்பி என்னிடம், மரத்தைத் தொடாதே, கான் மட்டும் நேராகப் போகட்டும் என்றார். வளைத்துக் கொண்டுபோகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். என் கான் வளைவதை நான் விரும்பவில்லை. மேற்குப் பக்கத்தில், தெரு ஓரமாக, மனிதத் தொடை பருமனில் நான்கு வேர்கள் குறுக்கே கிடந்தன. ஆளரவம் இல்லாத நேரமாகப் பார்த்து நான்கையும் வாள் போட்டு அறுத்து எடுத்தேன். அறுத்த முகத்தோடு சேர்த்துச் சீமெந்துச் சுவர் கட்டி, மண்ணை இழுத்து மூடினேன். வேலை செய்தவர்கள் பதுளைப் பக்கத்திலிருந்து கான் வேலைக்கென்றே வந்தவர்கள், முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

"கான் நூல் பிடிச்ச மாதிரிப் போகுது. புளியும் நிக்குது, பாத்தியா!"

மரம் வாடவில்லை. அடுத்த வருடமும் காய்த்தது. அதற்கடுத்த வருடமும் காய்த்தது. நானும் அதை மறந்துபோனேன்.

பிறகு உலக யுத்தம் வந்தது. தெருவெல்லாம் பட்டாளத்து லொறிகள். அந்த வருடம் மாரி பொய்த்து, வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டைகளில் நட்ட வேளாண்மை தலை நிமிராமல் கருகியது. வைகாசி வருவதற்குள் அம்மையும் பரவியது. பல வருடமாகக் கைவிட்டிருந்த கொம்புமுறியை வைத்தே தீரவேண்டும் என்று கோயிலில் முடிவெடுத்தார்கள். மரத்தில் கட்டுகிற முறை இந்தத் தடவை வடசேரிக் கொம்புக்கு வந்தது.

வடசேரிக்குக் கொம்பு கட்டுகிறவர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். தோணி கட்டுவது அவர் தொழில். கயிறும் முடிச்சும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாயும் அப்படித்தான், சும்மா இருக்காது. இழுவைக்கு முதல்நாள் காலையில் நான் அந்தப் பக்கம் போனபோது, கொம்பைத் தாழ்வாக இருத்துவதற்காக மரத்தின் கிழக்குப் பக்கத்தில் இரும்பு அலவாங்கால் குழி தோண்டிக்கொண்டிருந்தார். வியர்வையில் நனைந்த சாறனைத் தூக்கிக் கட்டியிருந்தார்.

"என்ன ஓவசியர் ஐயா, உங்கட கொம்புக்கு இண்டைக்கே ஒப்பாரி வைக்க வந்திரிக்கீங்களா?"

நான் சிரிக்கவில்லை. கிழக்கே இழுக்கப் போகிறார்கள். பிடித்து நிறுத்தவேண்டிய மேற்கு வேர்கள் மண்ணுக்குள் இல்லை. அது எனக்கு அந்த நிமிடத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். மரத்தில் கைவைத்துத் தள்ளிப் பார்த்தேன். அது பாறை மாதிரி நின்றது, இலை பச்சையாக இருந்தது. இத்தனை வருடத்தில் புது வேர் ஓடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்தால் கொம்புமுறி நின்றுபோகும். துரை கொடுத்த வாக்கை மீறியவன் நான்தான் என்று ஊரே என்னைத் தின்றுவிடும். என் தென்சேரிக்காரரே முதலில் தின்பார்கள்.

"ஆழமாத் தோண்டாத மச்சான்," என்றேன்.

"ஏன்?"

"ஒண்டுமில்ல. சும்மா சொன்னன்."

"உங்கட கொம்பு முறியப் போகுதெண்டு பயம்," என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு குத்துக் குத்தினார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே வெளி நிறைந்துவிட்டது. பறை அடித்தார்கள். பெண்கள் குரவை இட்டார்கள். கொம்பு பூட்டியிருந்த இடத்தில் ஒவ்வொரு சேரிக்கும் இரண்டு பேர் காவல் நின்றார்கள், மறுதரப்பு சூது செய்யாமல் பார்ப்பதற்கு. எங்கள் சேரிக் காவலில் ஒருவர் ஐம்பது வயதான மீன்காரர். மற்றவன் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பையன், கலியாணம் முடித்து எட்டு மாதம், பெண்சாதி ஆறு மாதமாக முழுகாமல் இருந்தாள். மச்சான் ஆப்பு இறுக்குகிற மரச் சம்மட்டியோடு கொஞ்சம் தள்ளி நின்றார். இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் வடசேரிக் கொம்பில் வெடிப்பு விழுந்தது. தென்சேரி ஆரவாரம் செய்தது. காவல் நின்ற எங்கள் ஆட்கள் இருவரும் வெடிப்பைப் பார்க்கக் குனிந்தார்கள்.

நான் கொம்பைப் பார்க்கவில்லை, மரத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு ஓரத்து மண் பாளமாக மேலே எழும்பியது. என் கானின் சுவர் வெடித்தது. கத்தினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வடம் பிடித்திருந்தவர்கள் கொம்பு முறிகிறது என்று எண்ணி இன்னும் வெறியோடு இழுத்தார்கள். புளி முழுவதும் கிழக்கே வந்தது. மீன்காரருக்கு மார்பிலிருந்து மேல்பக்கம் ஒன்றும் மிஞ்சவில்லை. பையன் ஒரு கிளைக்குக் கீழே, இடுப்புக்குக் கீழ் நசிந்து, கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான். தண்ணீர் கேட்டான். கொண்டுவருவதற்குள் போய்விட்டான்.

அப்போதுதான் யாரோ மேலே தூக்கி நின்ற வேர்களைப் பார்த்தார்கள்.

"அறுத்திரிக்கிடா! வேர அறுத்திரிக்கானுகள்!"

நான்கு வேரும் தட்டையாக, வாள்முகம் தெரிய வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. வடசேரிக் கொம்பு வெடித்த நேரத்தில் மரம் விழுந்திருக்கிறது. செத்தவர்கள் இரண்டு பேரும் தென்சேரி. முதல்நாள் முழுவதும் அங்கே அலவாங்கோடு நின்றவர் என் மச்சான். இதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த வெட்டுமுகங்கள் கறுத்துப் போயிருந்தன, சீமெந்து ஒட்டியிருந்தது. புது வெட்டு இல்லை என்று கிட்டப் போய்ப் பார்த்த எவனுக்கும் தெரிந்திருக்கும். ஒருவனும் கிட்டப் போகவில்லை. எல்லாரும் மச்சானிடம் போனார்கள்.

கம்பாலும் காலாலும் அடித்தார்கள். அவர் தோற்கப் பயந்து மரத்தையே சாய்த்தார் என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். அவரைப் புளிக்கு இழுத்துப் போனார்கள். அறுத்த கை இதுதானே என்று அவருடைய வலது கையை அடிமரத்தில் விரித்து வைத்து, அவருடைய சம்மட்டியாலேயே அடித்தார்கள். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. பதினைந்து அடி தள்ளி நான் நின்றேன். "போதுமடா, விடுங்கடா," என்று கத்தினேன். அது மட்டும்தான் என் வாயில் வந்தது. வரவேண்டியது வரவில்லை. அடித்தவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர், நான் சொன்னால் கேட்கக் கூடியவர்கள். அந்தக் கோழைத்தனத்துக்கு நான் இன்றுவரை ஒரு சாட்டும் கண்டுபிடிக்கவில்லை.

வடசேரி சும்மா இருக்கவில்லை. மூன்று நாள் கண்ட இடத்தில் அடித்துக்கொண்டார்கள். கிடுகு வீடுகள் பற்றி எரிந்தன. ஒருவனுடைய காதைக் கடித்துத் துப்பினார்கள். தாலி கட்டியவனும் பெண்சாதியும் ஒரு கூரைக்குக் கீழ் இருக்கப் பயந்து, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் தம்பி வீடுகளுக்கு ஓடினார்கள். ஆயுதப் பொலிஸ் வந்த பிறகுதான் அடங்கியது. அவர்களும் மரம் விழுந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்களே தவிர வேரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவை உடனே திறக்கும்படி கந்தோரிலிருந்து எனக்கு உத்தரவு வந்தது.

ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். வழக்கமாகக் கிளையிலிருந்து தொடங்குவோம். அன்று வேர்ப்பக்கத்தில் தொடங்கச் சொன்னேன். நான்கு வெட்டுமுகங்களையும் முழ நீளத்துக்கு அறுத்து, சீமெந்தோடு வண்டியில் ஏற்றி, செங்கல் சூளைக்கு அனுப்பி, எரிகிறதா என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மனைவி அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இஞ்சருங்க, கான் வெட்டின நேரம் அந்த வேரெல்லாம் என்ன செஞ்சீங்க?"

"எந்த வேர்?"

"கான் நூல் பிடிச்ச மாதிரிப் போகுதெண்டு சொன்னீங்களே. மரத்துக்குப் பக்கத்தால நேராப் போறதெண்டா, வேர் எங்க போச்சு?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"அண்ணனத் தூக்குல போடப் போறாங்க எண்டு ஊரெல்லாம் கதைக்கிறாங்க. போய்ச் சொல்லுங்க. இல்லாட்டி நான் போய்ச் சொல்றன்."

அடித்தேன். புறங்கையால், முழுப் பலத்தோடு. அவள் உதடு கிழிந்து சட்டையெல்லாம் இரத்தம். பரியாரி வந்து தையல் போட்டார். அவள் பரியாரியிடம் அடுப்படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். மச்சானை அடித்தவர்களாவது கண்முன் இரண்டு பிணத்தைப் பார்த்துவிட்டு அடித்தார்கள். நான் எதைப் பார்த்து அடித்தேன்?

ஆறாம் நாள் ஆசுபத்திரிக்குப் போனேன். மச்சானின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்திருந்தார்கள். கட்டில் காலடியில் ஒரு பொலிஸ்காரர் தூங்கி விழுந்துகொண்டிருந்தார். இரண்டு கொலை என்று வழக்கு. முகம் வீங்கி ஒரு கண்தான் திறந்திருந்தது. என்னைக் கண்டதும் அந்தக் கண் கலங்கியது.

"நீ சொன்னாய் மச்சான், ஆழமாத் தோண்டாத எண்டு. நான் கேக்கல்ல. நான்தான் அந்த ரெண்டு பேரையும் கொண்டுபோட்டன். அந்தப் பொடியன்ட பொஞ்சாதி..."

 இத்தனை நாளாக அந்த மனிதர் கை போனதற்காக அழவில்லை, என் பிழையைத் தன் பிழை என்று எண்ணி அழுதுகொண்டிருந்திருக்கிறார்.  கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். கான், நான்கு வேர், சீமெந்து, சூளை, அவருடைய தங்கச்சியின் உதடு. ஒன்றையும் விடவில்லை.

அவர் கட்டுப்போட்ட கையை மெதுவாக நெஞ்சின்மேல் தூக்கி வைத்தார்.

"அப்ப நான் இல்லையா?"

"நீ இல்ல."

அவர் மூச்சை விட்ட விதம் என் காதில் இன்னும் இருக்கிறது. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போய்ச் சொல்லு. இண்டைக்கே போய்ச் சொல்லு."

அன்றைக்கே பொலிசுக்குப் போனேன். விசாரணை நாளில் நீதவான் முன்னால் சத்தியம் செய்து சொன்னேன். நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. அறுத்த வேர்கள் எங்கே என்று நீதவான் கேட்டார். எரித்துவிட்டேன் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அறுத்த ஆட்கள் எங்கே என்றார். பதுளைப் பக்கம், பேர் தெரியாது என்றேன். கந்தோர்ப் புத்தகத்தில் வேர் அறுத்ததாக எழுதியிருக்கிறதா என்றார். இல்லை, நான் எழுதவில்லை. துரையைக் கேட்கலாமா என்றார். துரை பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிவிட்டார். கடைசியாக, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் உமக்கு என்ன முறை என்று கேட்டார். மனைவியின் அண்ணன் என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

அறுத்ததை யாரும் கண்ணால் காணவில்லை என்பதால் மச்சானை விட்டுவிட்டார்கள். என் வாக்குமூலத்தால் அல்ல. வெளியே வந்தபோது என் சேரிக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டினார். "மச்சானுக்காக நல்லாத்தான் பொய் சொன்னாய், போ," என்றார். கந்தோரிலும் அப்படியே நினைத்தார்கள், வேலையும் போகவில்லை. ஆளாளுக்குப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். கோயில் வெளியில் நின்று கத்தினேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இளகியதே தவிர ஒருவரும் நம்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பட்டப்பகலில், தோணித் துறையில் வைத்து மச்சானை வெட்டினார்கள். செத்த பையனின் தமையன் வெட்டினான். மச்சான் இடது கையால் ஒரு தோணிக்கு உளி பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். முதல் வெட்டைத் தடுக்க, கை இல்லாத கையைத் தூக்கியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது கழுத்து ஒரு பக்கம் தொங்கியது. தமையன் கத்தியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து விலகி வழிவிட்டான்.

மச்சானின் எட்டாம் நாள் காரியம், எட்டுச் செலவு, முடிந்த மறுநாள் புளி விழுந்து செத்த பையனின் பெண்சாதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில், பிறந்து சில நாளே ஆன குழந்தை. வாசலுக்கு வெளியே, வெயிலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணன், உங்களில எனக்கு ஒரு கோவமும் இல்ல," என்றாள். "அத உங்களுக்கிட்டச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தன். சொந்த மச்சானுக்காக உங்கட பேரையே நாசமாக்கிட்டீங்க. அப்பிடி எந்த மனிசன் செய்வான்?"

"புள்ள, நான்தான் அறுத்தன். அம்மன் மேல ஆணையா நான்தான் அந்த வேர அறுத்தன்."

"ஓம் அண்ணன்," என்று தலையாட்டினாள். அழுகிற பிள்ளையைத் தேற்றுகிற குரலில் இன்னொரு தடவையும், "ஓம், ஓம்," என்றாள்.

என் மனைவி உள்ளேயிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தையல் பிரித்த உதட்டில் கோடு சிவப்பாகத் தெரிந்தது. என்னைத் தாண்டிப் போய், வெயிலில் நின்ற அந்தப் பெண்ணிடம் செம்பை நீட்டி, அவள் குடிக்கும்வரை குழந்தையைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள்.